ஒரு பானை ஞாயிறு

வேசல்,
அக்டோபர் 23, 1938.

என் அன்பு மகன் ஏவால்டுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், உன் தங்கை மெக்டில்டும் நன்றாக இருக்கிறாள், நீயும் டோரத்தியும் அவள் வயிற்றில் வளரும் குழந்தையும் அங்கே அதேபோல இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் எனக்கு அப்புறம்தான். உறையில் ஹாலந்துத் தபால்தலையைப் பார்த்துக் குழம்பியிருப்பாய். ரைன் ஆற்றில் நிலக்கரி ஏற்றிப் போகும் படகு ஒன்றில் ஹெந்த்ரிகா என்று ஒரு ஹாலந்துப் பெண், படகுக்காரரின் மனைவி, எனக்குப் பழக்கமாகியிருக்கிறாள். படகு நம் துறையில் நிற்கும்போதெல்லாம் என்னிடம் ஆப்பிளும் முட்டைக்கோசும் வாங்குவாள். இந்தக் கடிதத்தை அவள் காய்கறிப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய் ரோட்டர்டாமில் தபாலில் சேர்ப்பாள். நம் ஊர்த் தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாராவது படித்துவிடுவார்கள், அதனால்தான் இந்தச் சுற்றுவழி. மில்வாக்கியில் உன் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்துவிட்டது என்றும், ஜெர்மன் சங்கத்தில் ஒரு கனவான் வந்து தாய்நாடு திரும்பினால் கப்பல் செலவுக்கு உதவி, வேலை, வீடு எல்லாம் உண்டு என்று பேசினார் என்றும் எழுதி, வரட்டுமா அம்மா என்று கேட்டிருந்தாய். வா என்று அப்பா அன்றைக்கே பதில் போட்டுவிட்டார். நான் அந்தக் கடிதத்தின் அடியில் என் பெயரை மட்டும் எழுதினேன். இப்போது அதற்கு மேல் எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கப்பல் ஏறிய காலத்தில் அவர் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும், பகல் வேளையில் சமையலறை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளைப் பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன்னிடம் அப்போது நான் சொன்னதில்லை. இன்றைக்கு அவர் லேத் பிரிவுக்கு ஃபோர்மேன். காலையில் விசிலடித்துக்கொண்டு சைக்கிளை எடுக்கிறார். கோடையில் தொழிற்சாலைக்காரர்கள் எங்களை மோசல் ஆற்றில் கப்பல் பயணம் கூட்டிப்போனார்கள், நம்மைப் போன்றவர்கள் அதுவரை அந்தக் கப்பல்களைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறோம். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு என்னோடு நடனமாடினார், என் புதுச் செருப்பை இரண்டு முறை மிதித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எங்கள் மேசையில் பழுப்புத் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார், எந்தப் பிரிவு என்று யாருக்கும் தெரியாது, யார் சிரித்தாலும் அவர் சிரிப்பதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அப்பா உற்சாகத்தில் வெண்ணெய்த் தட்டுப்பாட்டைப் பற்றி ஒரு கேலிக் கதையைத் தொடங்கியபோது நான் கடுகுச் சட்னியை எடுத்துத் தரும்படி இரண்டு மேசைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அந்தப் பயணத்தைப் பற்றி அப்பா எழுதினால் நடனத்தை எழுதுவார். நான் எழுதினால் இரண்டையும் எழுத வேண்டும்.

வெண்ணெய் என்றதும் க்யூப்பர்ஸ் அம்மாளின் கடை ஞாபகம் வருகிறது. இப்போது எந்தக் கடையில் பெயர் பதிந்திருக்கிறோமோ அங்கேதான் வெண்ணெய் வாங்க முடியும், அதுவும் இருந்தால். போன வாரம் வரிசையில் என் முறை வந்தபோது க்யூப்பர்ஸ் அம்மாள், "டீச்சரம்மா, வெண்ணெய்க்கு இன்னிக்கு லீவு. மார்கரின் இருக்கு, ஆனா அதுவே இளைச்சுப் போய் நிக்குது, பாத்தா நீங்களே எதாவது குடுத்துட்டுப் போவீங்க" என்றாள். எனக்குப் பின்னால் நின்றவள் தன் கணவனுக்கு வாங்கிய புதுக் கால்சட்டை முழங்காலில் கிழிந்துவிட்டது என்று புலம்பினாள். துணியில் பாதி மரநார்தான் இப்போதெல்லாம். "அப்போ தையக்காரன்கிட்ட ஏன் போறே, தச்சன்கிட்ட குடு, ரெண்டு ஆணி அடிச்சுக் குடுப்பான்" என்றாள் க்யூப்பர்ஸ் அம்மாள். கடையே சிரித்தது, பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தோம். யாரும் பசியோடு இல்லை ஏவால்ட், அப்படி நினைத்துவிடாதே. ரொட்டி இருக்கிறது, வேலை இருக்கிறது, அடுப்பெரிக்க நிலக்கரி இருக்கிறது. சிரித்த பிறகு திரும்பிப் பார்ப்பது ஒன்றுதான் புதுப் பழக்கம், அது எனக்கு எப்போது வந்தது என்று யோசித்தால் தெரியவில்லை.

மெக்டில்ட் பள்ளியை முடித்ததும் ஸான்டன் பக்கம் ஒரு பண்ணையில் ஒரு வருடக் கட்டாய வேலைக்குப் போயிருக்கிறாள், இந்த வயதுப் பெண்கள் இந்த வருடத்தை முடிக்காமல் அலுவலக வேலை எதற்கும் போக முடியாது. பால் கறக்கக் கற்றுக்கொண்டாள், கன்னமெல்லாம் சிவந்து, கை அப்பாவின் கை மாதிரி ஆகிவிட்டது. போன மாதம் வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்பே, "ஏம்மா நம்ம வீட்டுக் கட்சிக் கொடி மட்டும் இவ்ளோ சின்னதா இருக்கு? நம்ம தெரு டென்பிரிங்க் வீட்டுக் கொடி ரெண்டு மாடி தொங்குது" என்று கேட்டாள். அப்பா, "ஜன்னலே சின்னதுதானேடி, பெருசா மாட்டினா உங்கம்மாவுக்கு சமையக்கட்டுல வெளிச்சம் வராது" என்றார். அவள் சிரித்தாள். ஆனால் ஜன்னலைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு செய்தி இருக்கிறது, வீட்டில் ஆண் சம்பாதிக்கும்போது பெண்ணுக்கு எதற்கு வேலை என்று சொல்லி என்னைப் பள்ளியிலிருந்து அனுப்பினார்களே, இப்போது ஆசிரியர்கள் போதவில்லையாம், திரும்பி வரச் சொல்கிறார்கள். புதுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாங்கள் ஆப்பிளையும் கூடையையும் வைத்துச் சொல்லிக் கொடுத்த பாடத்தில் இப்போது விமானமும் குண்டும் இருக்கின்றன. மூட்டுவலி என்று சொல்லியிருக்கிறேன். டோரத்திக்குப் பிரசவ நாள் நெருங்குவதால் டாக்டர் ரோசனாவையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், நீ பிறந்தபோது உன்னைத் தலைகீழாகப் பிடித்து அழ வைத்தவர். அவர் யூதர் என்பதால் இந்த மாதம் முதல் அவர் டாக்டரே இல்லை என்று சட்டம் வந்துவிட்டது. பெயர்ப் பலகை இருந்த சுவரில் நான்கு திருகு ஓட்டைகள்தான் மிச்சம். வெளிநாடு போவதற்கு விசா கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அவரைப் போன்றவர்கள் வெளியே போக வழி தேடுகிற நேரத்தில் நீ உள்ளே வர வழி கேட்டு எழுதியிருக்கிறாய், கண்ணா. உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு வந்த வழக்கம் இது, குளிர்காலம் முழுக்க மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் ஒரே பானையில் வேகிற சாப்பாடுதான் செய்ய வேண்டும், வறுவல் கூடாது, பொரியல் கூடாது, அதில் மிச்சப்படுகிற காசைக் குளிர்கால நிவாரண உண்டியலில் போட வேண்டும். வீட்டில் சாப்பிட்டால் டென்பிரிங்க் உண்டியலோடு படியேறி வருவார். அவர்தான் எங்கள் தெருவுக்குக் கட்சியின் ஆள், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு, நல்ல மூக்கும் அவருக்கு உண்டு. அதனால் பாதித் தெரு சந்தைத் திடலுக்கே போய்விடும். அங்கே ராணுவ அடுப்புவண்டியில் பட்டாணி சூப் காய்ச்சி ஊற்றுவார்கள், மேனேஜரும் கூலிக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பார்கள், பேண்ட் வாசிக்கும். அப்பாவுக்கு அந்தப் பெஞ்சு பிடிக்கும். மேனேஜர் தன் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு கேட்பது அவருக்கு இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது. இந்த மாத ஞாயிறன்று எங்கள் பெஞ்சில் ஒரு பக்கம் மேனேஜர், எதிரே டென்பிரிங்க், அவர் மனைவி. அப்பா இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், யாரும் கேட்காமலே, "எங்க பையன் அமெரிக்காவுலேர்ந்து திரும்பி வரான்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் சூப்பைக் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்படிப் போடுங்க, ஹெக்மன்! என்ன வேலை தெரியும் பையனுக்கு?" என்றார் டென்பிரிங்க். "என்ன தெரியும்னு கேக்காதீங்க, என்ன தெரியாதுன்னு கேளுங்க. தலைமுடியில பாதிக் கனத்துக்குக் கடைவான். அங்க விமான எஞ்சின் பாகமே செஞ்சிருக்கான்" என்றார் அப்பா. மேனேஜரின் கரண்டி நின்றது. "வயசு?" "இருபத்திநாலு." "அமெரிக்கக்காரனா எழுதிக் குடுத்துட்டானா?" "சேச்சே, இன்னும் நம்ம பாஸ்போர்ட்தான், நம்ம பையன்தான்." நான் பெஞ்சுக்கு அடியில் அப்பாவின் காலை அழுத்தினேன். "ஏன் அடெல் என் காலைப் போட்டு மிதிக்கிற?" என்று அவர் ஊருக்கே கேட்கும்படி கேட்டார். டென்பிரிங்க் தொடையில் தட்டிச் சிரித்து, "டீச்சரம்மாவுக்கு வெக்கம்! பேரனும் வருவானோ என்னவோ!" என்றார். பேரன் என்றதும் அவர் மனைவி நிமிர்ந்தாள். டோரத்தி வயிற்றில் குழந்தை இருப்பதையும் அப்பா சொன்னார். ஒரு மனிதன் வருஷக்கணக்காக வேலை இல்லாமல் இருந்துவிட்டு, மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு மகனும் இருந்தால் வேறென்ன செய்வார்? நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெஞ்சில் உட்காருகிற யாரும் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், அவர் காசோடு உன்னையும் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் பச்சைத் தொப்பி வைத்த ஒரு பெண்மணி, தாய் சேய் நலப் பிரிவிலிருந்து, கேக் துண்டோடு. மிகவும் இனிமையாகப் பேசினாள். டோரத்தியின் அம்மா வழித் தாத்தாவுக்கு என்ன பெயர், எந்த ஊரிலிருந்து போனவர், எந்த மதத்தில் ஞானஸ்நானம், அவள் குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு, சித்தக் கோளாறு உண்டா என்று கேட்டாள். எனக்கு எதுவும் தெரியாது என்றேன். "பரவாயில்லம்மா, அவங்க வந்தப்புறம் நாங்களே விசாரிச்சுக்கறோம். கொழந்தை நம்ம கொழந்தையாச்சே" என்றாள். நம்ம என்று அவள் சொன்னது நம் குடும்பத்தை அல்ல. பிறகு டென்பிரிங்க் வந்து, நீ இறங்குகிற அன்று ஸ்டேஷனில் பேண்டு ஏற்பாடு செய்கிறேன், பத்திரிகைக்காரரையும் கூப்பிடலாம் என்றார். அதன் பிறகு ஒரு நாள் மேனேஜர் அப்பாவைத் தன் அறைக்கே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வேலை அலுவலகத்தில் பேசிவிட்டாராம், உன்னைப் போன்ற ஆளை எங்கே வைப்பது என்று முடிவாகிவிட்டதாம். இங்கே இல்லை. கிழக்கே ஒரு புதுத் தொழிற்சாலை, பெயர் சொல்ல முடியாது, ஆட்கள் பாரக் என்கிற மரக்கொட்டகையில் தங்குவார்கள், குடும்பம் கூட வர முடியாது. அதுவும் ராணுவ சேவையை முடித்த பிறகு, கட்டாயச் சேவைக்கு முதலில் கூப்பிட்டதே நீ பிறந்த வருடத்துக்காரர்களைத்தான், நீ பாக்கி வைத்திருக்கிறாயாம். என் லேத்துக்குப் பக்கத்தில் நிற்பான் என்று நினைத்தேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மேனேஜர் கெட்டவர் இல்லை, தோளில் தட்டி, "ஹெக்மன், பையன் உங்க பையன்தான். ஆனா அவன் வேலைப் புத்தகம் எங்ககிட்டதானே இருக்கும்" என்றாராம். இங்கே எல்லாருக்கும் அந்தப் புத்தகம் உண்டு, அது முதலாளியின் பெட்டியில் இருக்கும்வரை வேறு வேலைக்கு நகர முடியாது. பிடிக்காவிட்டால் பையன் அமெரிக்காவுக்கே திரும்பிப் போகலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். மேனேஜர் சிரித்துவிட்டாராம்.

அப்பா இதையெல்லாம் எனக்குச் சொல்லவே சில நாள் ஆனது. விசிலடிப்பதை நிறுத்தியிருந்தார், அதனால் எதுவோ நடந்திருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், நான் ஆப்பிளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் கப்பலே ஏறலை. அதுக்குள்ள பங்கு போட்டுட்டாங்க அடெல்" என்றார். பிறகு என்னோடு சேர்ந்து ஆப்பிளை அடுக்கினார், அழுகலையும் நல்லதையும் கலந்து வைத்தார், நான் அவர் போன பிறகு பிரித்து வைத்தேன். வராதே என்று உனக்கு அவரே எழுதிவிடலாம்தான். ஆனால் ஊர் முழுக்கச் சொன்ன பிறகு வராதே என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், பதிலுக்கு அவர் என்ன சொல்ல முடியும், தவிர மெக்டில்ட் இந்த நாட்டில்தான் வாழ வேண்டும்.

இந்தப் புதன்கிழமை அப்பா வேலையிலிருந்து வரும்போது கூடவே ஒரு ஆளைக் கூட்டிவந்தார். ரைன்ஹோல்ட் என்று பெயர், சாக்ஸனிக்காரர், எல்லையில் கட்டுகிற காங்கிரீட் சுவருக்காக ஆணை போட்டு மனைவி மக்களைப் பிரித்துக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், தங்க இடமில்லாமல் ஒரு கொட்டகையில் வைக்கோலில் படுத்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு உன் அறையைக் கொடுத்துவிட்டோம். அப்பாவே உன் கட்டிலை எடுத்துப் பரணில் போட்டார், ரைன்ஹோல்ட் நெட்டையான ஆள், அவருக்குப் பெரிய கட்டில் வேண்டும் என்று டென்பிரிங்கிடமே போய்க் கடன் வாங்கினார். டென்பிரிங்க் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஏன் ஹெக்மன், பையன் வந்தா எங்கே படுப்பான்?" என்றார். அப்பா அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டே, "அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. ஆனா நாட்டுக்குச் சுவர் கட்ட வந்த ஆளு வைக்கோல்ல கெடக்கறான். பொதுநலம் முதல்ல, தன்னலம் அப்புறம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றார். டென்பிரிங்க் தன் முனையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அடுத்த படியில் கால் வைத்தார், கட்டில் கனமாக இருந்தது. கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மணமான இத்தனை வருடத்தில் உன் அப்பாவை இவ்வளவு பிடித்த நாள் வேறு இருந்ததா என்று தோன்றியது. தங்க இடம் காட்டாமல் திரும்பி வருகிற குடும்பத்துக்கு உதவி கிடைக்காது, வீடோ ஊரில் எங்கேயும் இல்லை, கொடுப்பதாகச் சொன்ன வீடுகளும் காகிதத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே இன்னும் சில நாளில் நம் ஊர் முத்திரையோடு அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் உனக்கு வரும். வீட்டில் இடமில்லை, அறையை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று, உன் பாட்டை நீயே பார்த்துக்கொள் என்று இருக்கும். அன்புள்ள என்ற வார்த்தையை எழுதிவிட்டு அடித்தார், பிறகு அடித்தது தெரியக்கூடாது என்று வேறு தாளில் முதலிலிருந்து எழுதினார். அதைப் படித்து நீ மனம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஹெந்த்ரிகாவின் பையில் இதை வைக்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. டோரத்தியைப் புகைப்படத்தில் தவிரப் பார்த்ததில்லை, அந்தக் குழந்தையைக் கையில் வாங்கி மோந்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. இருந்தாலும் வராதே ஏவால்ட். அங்கே வேலை போனால் அது உன்னுடைய கஷ்டம், வேறு கதவைத் தட்டலாம், பனியில் மண் அள்ளும் வேலையானாலும் சாயங்காலம் உன் வீட்டுக்கு உன் காலில் நடந்து வருவாய். குடியுரிமைக்கு உடனே எழுதிப் போடு, இது அப்பா சொல்லச் சொன்னது. குளிருக்குக் கம்பளி உள்ளாடை போடாமல் வெளியே போகாதே, டோரத்தியைக் கனமான வாளி எதையும் தூக்க விடாதே, காப்பியைக் குறைக்கச் சொல், கடைசி மாதத்தில் அவள் அழுதால் காரணம் கேட்காமல் பக்கத்தில் உட்கார்.

நீங்கள் மூன்று பேரும் நீண்ட காலம் சுகமாக, விருப்பமில்லாத இடத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லாமல், ஒரே கூரையின் கீழ் வாழக் கடவுள் கருணை செய்யட்டும். குழந்தையின் நெற்றியில் என் சார்பில் நீ கை வை. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அப்பாவின் கடிதத்துக்குப் பதிலை நம் வீட்டு முகவரிக்கே, சாதாரணத் தபாலில், எல்லாரும் படிக்கிறபடி, கோபமாக எழுது. பெற்ற மகனுக்கு இடமில்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது, இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று நன்றாக, உறைக்கும்படி எழுது. அப்பா அதை டென்பிரிங்கிடம் கொண்டுபோய்க் காட்டித் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும், ஆகவே கொஞ்சமும் இரக்கம் காட்டாதே. எவ்வளவு கடுமையாக எழுதுகிறாயோ அவ்வளவு நிம்மதியாக அவர் அன்று தூங்குவார். கோபத்துக்கு நடுவில் எங்கேயாவது, தெரியாமல் எழுதிவிட்டது போல, குழந்தைக்கு என்ன பெயர் என்று மட்டும் சொல்லிவிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
அடெல்ஹைட் ஹெக்மன்